இருபதாம் நம்பர் தூரக்கண்ணாடி

திருச்சுழி பஸ்ஸு கண்மாய்க்கரையில் டயர் பஞ்சராகி நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எல்லாரும் இறங்கி டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக் கண்மாயில் சாம்பலும் வெள்ளையுமாகப் பெரிய பறவைகள், இருபது முப்பது இருக்கும்.

"அது என்ன பறவைண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"நாரை."

"நாரைக்குக் கால் நீளமா இருக்கும்லண்ணே?"

"அப்பக் கொக்கு. ஏம்மா, டயரு மாட்டவா, கொக்குக்குப் பேரு வைக்கவா?"

கல்லூரி நூலகத்துப் படப் புத்தகத்தில் ஒரு வாத்தைப் பார்த்திருந்தேன். இமயமலையைத் தாண்டி வருமாம். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள். அது எங்கள் கருவேலங்காட்டுக் கண்மாய்க்கு வந்திருக்கிறதா இல்லையா? அந்த இரண்டு பட்டையைப் பார்த்துவிட்டால் போதும். வெறும் கண்ணுக்குத் தலை இருப்பதே தெரியவில்லை. ஒரு பைனாகுலர் வேண்டும், உடனே வேண்டும்.

அருப்புக்கோட்டையில் கேட்டால், திருவிழாவில் விற்கும் பிளாஸ்டிக் சாமானை எடுத்துக் காட்டினார்கள். மதுரையில் விலையைக் கேட்டதோடு திரும்பினேன். கடைசியில் சித்தப்பாதான், "வீரசோழன்ல ஒரு பாய் கடையில வெளிநாட்டுச் சாமான் வரும், வா" என்று கூட்டிப்போனார். சித்தப்பாவுக்கு நூல் வியாபாரம். சரக்கு வாங்குவதில் அவரை ஏமாற்ற முடியாது என்று ஊரே சொல்லும். அவரும் சொல்லுவார்.

பாயிடம் இரண்டு இருந்தன, ஏறக்குறைய ஒரே விலைக்கு. சின்னதில் ஏழு என்று போட்டிருந்தது. பெரியதில் இருபது; அத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுமாம்.

"தாயி, சின்னத எடுத்துக்க" என்றார் பாய். "பெருசு பாக்க நல்லாருக்கும், கையில நிக்காது. ஆடும்."

சித்தப்பா என்னை வாசலுக்கு இழுத்துவந்தார். "போகாத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்காரு. கடைக்காரன் எத எடு எடுங்கானோ, அத எடுக்கக் கூடாது. நாற்பதாம் நம்பர் நூலும் நூறாம் நம்பர் நூலும் ஒரே விலைக்குக் கெடச்சா எவனாவது நாற்பத எடுப்பானா?"

எங்கள் வீட்டில் நம்பர் கூடினால் நூல் மெல்லிசு, மெல்லிசு என்றால் உசத்தி. அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். பௌதிகப் பாடத்தில் லென்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவளும் நானேதான். பெரியதைக் கையில் வாங்கி ஒரு நொடி பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தேன். புறாவின் கால் சிவப்புக்கூடத் தெரிந்தது. போதாதா? இருபதையே எடுத்தோம். பாய் அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் கண்மாய்க்கு ஓடினேன். வாத்துகள் இருந்தன. கண்ணாடியை உயர்த்தினால் வெறும் தண்ணீர். கொஞ்சம் நகர்த்தினால் வானம். தேடித்தேடி ஒரு வாத்தைப் பிடித்தால் அது நிற்கவில்லை. என் மூச்சுக்கு ஏறி இறங்கியது, நெஞ்சு துடிப்பதற்குத் துள்ளியது. போதாக்குறைக்குக் கானல் வேறு. உச்சி வெயிலில் வாத்துகள் எல்லாம் உருகி ஓடின. ஏழாம் நம்பரில் சின்னதாகவாவது நின்றிருக்கும். கை வலித்தது, கழுத்து வலித்தது. அழுகையாக வந்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார். "ஏத்தா, இங்க குடு, பாப்பம்."

வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் இம்புட்டு நடுங்குது? வாத்துக்குக் குளுருதோ?"

"தலையில கறுப்பா ரெண்டு கோடு தெரியுதாண்ணே?"

"தலையே நாலு தெரியுது, நீ கோட்டக் கேக்க." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "பாக்கணும்னா வெரசாப் பாரு. இன்னும் பத்து நாளுல தண்ணி வத்திரும். போன வருசமும் தண்ணி வத்தவும் எந்திரிச்சுப் போயிருச்சுக."

கடைசியாக ஒருமுறை பார்த்தேன். ஒரு வாத்து தலையைத் திருப்பியது. கறுப்பாக ஏதோ இருந்தது. பட்டையா, நிழலா? கை ஆடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன். "மாத்திட்டு வருவோம் சித்தப்பா. பாய் நல்லவரு, மாத்திக் குடுப்பாரு."

"பிரிச்ச நூல நம்ம கடையில எவனாவது திருப்பிக் கொண்டுவந்தா நான் வாங்குவனா? எந்த மொகத்த வச்சுக்கிட்டு நான் அங்க போயி நிக்க?"

"அவரு சொன்னதுதான சரி!"

"அதனாலதான் போக முடியாதுங்கேன்" என்றார்.

இரவு சாப்பிடும்போது கோபத்தோடு கோபமாக யோசித்தேன். ஆடுவது கண்ணாடி இல்லை, என் கை. கானல் எழுவது வெயில் ஏறிய பிறகு. கண்மாய் மடையில் இரண்டு கல்தூண்கள் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. ஒரு தூணின்மேல் மணல் மூட்டையைப் போட்டு, அதில் கண்ணாடியை அழுத்திவைத்து, கையை எடுத்துவிட்டு, மூச்சை அடக்கிப் பார்த்தால்?

கடைச் சாக்கு ஒன்றை எடுத்துப் பைக்குள் மடித்து வைத்தேன். மணல் கண்மாயிலேயே கிடக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன்.