புல்லுக்கு மருந்து

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குச் சரியாக வராது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இரத்தினபுரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் மருந்து அடித்தேன். முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு, தேயிலைக்கு நடுவில் முளைக்கும் புல்லைக் கொல்லும் வேலை. கடைசியில் நெஞ்சில் இழுப்பு வந்தது. இனிமேல் டேங்கைத் தொடாதே என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். தொடாமல் எப்படிப் பிழைப்பது என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவுக்கு முன்னால் புல்தரை போட்டார்கள். புல்லைப் பாய் மாதிரிச் சதுரம் சதுரமாக வெட்டி, மண்ணோடு லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓரத்தில் குரோட்டன் நட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, என் மனைவி போய்க் கங்காணியிடம் எனக்காகப் பேசியிருக்கிறாள். எனக்கே மறுநாள்தான் தெரியும்.

"மூணு மாசம் இதைப் பச்சையா வச்சுக் காட்டு. அப்புறம் பங்களா தோட்ட வேலை ஒனக்குத்தான்" என்றார் தொரை. இல்லாவிட்டால் பழையபடி டேங்க்.

காலையில் வெயில் ஏறுமுன் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை. மேலே நனைந்தால் போதாது. அடிமண் வரை இறங்க வேண்டும். சதுரமும் சதுரமும் சேரும் இடம்தான் முதலில் காயும். அங்கே குழாயை மெதுவாகப் பிடிப்பேன். ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பேன். பாய் போல எழுந்து வந்தால் இன்னும் வேர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது வாரம் தூக்கினேன், வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேனா என்று ஞாபகமில்லை.

கொழுந்தெடுத்துவிட்டுப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று சிரிப்பார்கள்.

"என்னங்கண்ணே, மலையில புல்லைக் கொன்னீங்க. இங்க வந்து பால் ஊத்துறீங்களா?"

"பாவம் தீர்க்குறாருடி."

நான் தலையைக் குனிந்துகொண்டு குழாயைப் பிடித்திருப்பேன்.

இரண்டாவது மாதம் முடியும்போது, தட்டு அகலத்துக்கு அங்கங்கே புல் பழுப்பாகியது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். மாறவில்லை. ஒரு நாள் காலையில் கொழும்புக்குப் புறப்பட்ட தொரை, ஜீப்பை நிறுத்தி அதைப் பார்த்தார்.

"புல்லுக்கு மருந்து அடிச்சிரு" என்றார். ஜீப் போய்விட்டது.

தோட்டத்தில் புல்லுக்கு மருந்து என்றால் ஒன்றுதான். பதினாறு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் டேங்கை எடுத்திருக்கிறேன். புல் பழுதாகிவிட்டது, தொரைக்கு வேண்டாமாகிவிட்டது, அழித்துவிட்டு வேறு போடப் போகிறார் என்று நினைத்தேன். பங்களாவில் சமைக்கிற அப்புவிடமாவது கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஸ்டோருக்குப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒரு இலை விடாமல் அடித்தேன். என் வேலையும் இதோடு போகிறது என்று தெரிந்துதான் அடித்தேன். கை அதன்பாட்டுக்குப் பம்பு அடித்தது.

அன்று சாயந்தரமும் மற்ற நாட்களிலும் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

ஐந்தாம் நாள் முழுத் தரையும் வைக்கோல் நிறமாகியது. அப்பு வெளியே வந்து பார்த்து, "மொகத மே களே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன செய்துவிட்டாய் என்று. பிறகு தமிழில், "நான்தானே தொரைகிட்ட சொன்னது, வேர்ல புழு இருக்குன்னு. புழுவுக்கு மருந்துப்பா" என்றார்.

தொரை வந்து சேர்ந்தார். "என்ன மருந்து அடிச்சே?"

"புல்லு மருந்துங்க, தொரை."

அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சிரிக்கிற ஆளிடம் என்ன சொல்வது?

"சரி, ஒனக்குத் தெரிஞ்ச வேலையையே செய்யி" என்றார்.

வீட்டில் மனைவியிடம், "தொரை வேற ஆள் போட்டுட்டாரு" என்றேன்.

"ஏன்னு கேக்கலயா நீங்க?"

"இல்ல."

"நான் போயி கேக்கவா?"

"வேணாம்."

அவள் நம்பினாள். திங்கட்கிழமை டேங்கை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். இன்னும் ஆறு வருடம் அடித்தேன். இப்போது லயத்து வீட்டிலிருந்து பீலிக்குழாய்க்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவளே எடுத்து வந்துவிடுகிறாள். அந்தத் தொரையைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், நல்ல வேலையைப் பறித்துவிட்டார் என்று. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவளிடம் வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

2009 பெப்ரவரி 11, புதன்கிழமை.