கை வைத்த பிறகு நின்றவள்

அந்த மதில் என் இடுப்புக்கு நாலு விரல் மேலே வரும். வயலுக்குத் தண்ணீர் போகிற சானல் கரையில், பழைய மடையை ஒட்டி, யாரோ எதற்கோ கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன சுவர். மழை பெய்தால் பாசி பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி தேங்காய் உரித்த கதம்பையால் அதன் மேல்விளிம்பைத் தேய்த்துத் துடைத்து வைப்பான். நான் ஓடி வருவேன், இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைப்பேன், கால் தரையிலேயே நின்றுவிடும். சாமி கும்பிட வந்தவள் போல அப்படியே நிற்பேன். இரண்டு மாதம் இதுதான் நடந்தது. தம்பி ஒருநாளும் சிரித்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். பெங்களூரில் வேலை பார்த்தபோது பார்க்கோர் கற்றுக்கொண்டான். எதிரே சுவர் வந்தாலும் கம்பி வந்தாலும் படிக்கட்டு வந்தாலும் சுற்றிப் போகாமல் அதன் மேலேயே தாவிப் போகிற வித்தை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ஊருக்கு வந்தான், வித்தையும் கூடவே வந்தது. எங்கள் பக்கத்தில் தாவுவதைச் சாடுவது என்போம். அம்மை அதற்கு மதில் சாட்டம் என்று பெயர் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தக்கலையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறி வீடு வருவேன். திரும்பி வந்தவள் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கற்றுக்கொண்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவேன். ஆள் வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவேன். கல்யாண வீடென்றால் கடைசிப் பந்தி நேரம் பார்த்துப் போவேன். இதையெல்லாம் ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, முதுகு வலிக்கிறது என்று நான் சொன்ன ஒரு நாளைச் சாக்காக வைத்து என்னைச் சானல் கரைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

முதல் மூன்று வாரம் அவன் என்னைச் சாடவே விடவில்லை. தென்னந்தும்பு அடைத்த நான்கு சாக்குகளைப் பரப்பி, விழக் கற்றுக்கொடுத்தான். கையை ஊன்றாமல் தோளை மடக்கி உருள வேண்டும். தலைமுடியெல்லாம் தும்பாக வீட்டுக்குப் போவேன். பிறகு மதிலில் ஏறி உட்கார்ந்து இறங்கினேன். அதற்கும் பிறகு, ஒரு கையையும் ஒரு காலையும் மேலே வைத்து, நடுவே மற்றக் காலை நுழைத்து அந்தப் பக்கம் இறங்குவது. நடந்து வந்தால் செய்ய முடிந்தது. ஓடி வந்தால் முடியவில்லை. மதிலைப் பார்க்காதே, அந்தப் பக்கம் கால் விழப்போகிற இடத்தைப் பார் என்பான். பார்ப்பேன். அங்கே என் முன்பல் இரண்டு உடைந்து கிடப்பது நன்றாகத் தெரியும். ஒரே ஒரு விதியை மட்டும் அவன் வாரா வாரம் சொன்னான்.

"நிக்கணும்னா ஓடதுக்கு முன்ன நின்னுக்க. கை வச்ச பொறவு நிக்கப்பிடாது. கேட்டியா அக்கா?"

பயந்து பேசாமல் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது, துணிந்து முழுதாகச் சாடுகிறவனுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பாதியில் மனம் மாறுகிறவனுக்குத்தான் எலும்பு உடையும் என்று விளக்கம் சொன்னான். எனக்கு அது என் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதுபோல இருந்தது. அவன் மதிலைப் பற்றித்தான் சொன்னான்.

ஆடிச் சாரல் ஓய்ந்த ஒரு காலையில் நான் தாண்டினேன். எப்படி என்று கேட்டால் தெரியாது. ஓடினேன், கை வைத்தேன், அடுத்த நொடி மதில் எனக்குப் பின்னால் இருந்தது. சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதேன். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையிலிருந்த தும்பைப் பொறுக்கினான். அடுத்த ஒரு மாதத்தில் நூறு தடவையாவது தாண்டியிருப்பேன். வேலைக்குப் போகும் வழியில் பஸ் சன்னலிலிருந்து பார்க்கிற மதில்களையெல்லாம் மனதுக்குள் தாண்டிக்கொண்டே போவேன். மதில் எனக்குப் பயமாக இல்லை. இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த மாதம் முடிந்த ஞாயிறு தம்பி அடுத்த பாடத்துக்குப் போனான். நான் முன்னால் ஓட வேண்டும், நாலடி விட்டு அவன் பின்னால் வருவான், இருவரும் நிற்காமல் மதிலைத் தாண்டிச் சுற்றி வர வேண்டும். முன்னால் போகிறவர் நிற்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் பின்னால் வருகிறவர் எழும்புகிறார். இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் நான் கை வைத்துவிட்டேன், ஒரு கால் மேலே போய்விட்டது, அப்போது மதிலுக்கு அப்பால் சானல் ரோட்டில் பெரியப்பாவின் ஸ்கூட்டர் வந்தது.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு மூத்தவர் பெரியப்பாதான். வயலில் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். அவர் என்னை ஒரு சொல் கடிந்து பேசியவர் இல்லை. நான் பெட்டியோடு திரும்பி வந்த அன்று அதை ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுவைத்தவர் அவர்தான். ஆனாலும் அவர் வந்தால் நான் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு எழுந்து ஒதுங்கி நிற்பேன். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். மாவாட்டிக்கொண்டிருந்தாலும் எழுந்திருப்போம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாலும் எழுந்திருப்போம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. அன்றைக்கு நானும் யோசிக்கவில்லை. மேலே போன காலைக் கீழே இறக்கி, ஏறிப்போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதையாக நின்றேன்.

தம்பி அதற்குள் தரையை விட்டு எழும்பியிருந்தான். என்மேல் விழாமல் இருக்க உடம்பைத் திருப்பினான். மதிலின் முனையில் இடித்து, சானலில் இறங்குகிற படிக்கல்லில் முதுகு அடிபட விழுந்தான். சத்தம் பெரிதாக இல்லை. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர் பெரியப்பாதான். நான் அப்போதும் சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடமாகிறது. தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மை என்னிடம் கேட்டபோது, பயந்து நின்றுவிட்டேன் என்றேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். பெண் பயந்தாள் என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது, மேலே ஒரு கேள்வி வராது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நான் ஒரே வார்த்தையில் மூடினேன். பெரியப்பா ஞாயிறுதோறும் மட்டி வாழைப்பழத்தோடு வந்து தம்பியின் பக்கத்தில் உட்காருகிறார். அன்று அவர் என்ன பார்த்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தம்பியோ என் பொய்யை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டான். அக்காவுக்குப் பயம் முழுசாகப் போகவில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். தும்புச் சாக்குகளைத் தூக்கி மாட்டுத் தொழுத்தில் போடச் சொன்னான். பெங்களூர் நண்பர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே வீடியோவில் கற்றுக்கொடு என்று பலமுறை கேட்டார்கள். ஆளைப் பார்த்துப் பயம் போய்விட்டதா என்று சொல்ல எனக்குத் தெரியாது, என்னிடம் யாரையும் அனுப்பாதீர்கள் என்று கும்பிட்டு மறுத்துவிட்டான். காலைப் போக்கியது என் மரியாதை. மிச்சமிருந்ததையும் என் பொய் எடுத்துக்கொண்டது. இதை நினைக்காமல் ஒரு நாளும் தக்கலை பஸ்ஸில் நான் ஏறி இறங்கியதில்லை. நினைத்து என்ன, மறுநாளும் வாயைத் திறக்காமல் சோறு போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு மாலையில் சொல்லிவிட்டேன். வீரம் வந்து சொல்லவில்லை. நண்பன் ஒருவனிடம் போனில், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்ற அதே வாக்கியத்தை அவன் மறுபடி சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. போனை வைத்ததும், அன்று நான் மதிலுக்குப் பயந்து நிற்கவில்லை என்றேன். அவன் சக்கர நாற்காலியைத் திருப்பினான்.

"அப்பம் உனக்கு மதில் பயம் போயிருந்துதா அக்கா?"

போயிருந்தது, சுத்தமாகப் போயிருந்தது என்றேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. மூன்று வருடத்தில் நான் பார்க்காத சந்தோஷம். அவன் கணக்கு தப்பவில்லை, நான் தயாராகத்தான் இருந்தேன். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டான்.

"பொறவு என்னத்துக்கு நின்னே?"

பெரியப்பா வந்தார் என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. தன் முழங்காலைக் கையால் எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"அதுக்கு எனக்குப் பயிற்சி ஒண்ணும் தெரியாதே அக்கா."

பிறகு, முற்றத்து மதிலை ஒருமுறை சாடிக்காட்டச் சொன்னான், தான் பார்க்கட்டும் என்றான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே போனேன். எங்கள் முற்றத்து மதில் சானல் கரை மதிலைவிடத் தாழ்வு, அதைத் தாண்ட ஓடக்கூட வேண்டாம். கையை மேலே வைத்தேன். கோயிலுக்குப் போகிற இரண்டு பெண்கள் ரோட்டில் வந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். பின்னாலேயே பால்காரர் வந்தார். பிறகு டியூஷன் முடிந்த பிள்ளைகள், பிறகு யாரோ போன் பேசிக்கொண்டு. ஆள் ஒழியட்டும், ஒழிந்ததும் சாடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். கையை மதிலிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தபோது தம்பி சன்னலருகே முன்னால் சாய்ந்து, என்னையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டிச் சன்னல் கதவைச் சாத்தினான்.