கூட்ட நேரத்து லைன்

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேசைக்கடியில் பாதி உடம்பை நுழைத்தபடி, “அனுப்புங்க, இன்னும் அனுப்புங்க” என்பாள் லைன் அக்கா. அந்த மருத்துவமனையின் கணினிகளை ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பவள். பெரிய டாக்டருக்கும் அவள் லைன் அக்காதான்.

கூட்டமில்லாத நேரத்தில் சோதிக்கக் கூப்பிட்டால் வரமாட்டாள். “காலி ரோட்டுல ஓட்டை வண்டியும் நல்லாத்தான் ஓடும். பதினொரு மணிக்குக் கூப்பிடுங்க.” வீட்டில் மிக்ஸி நின்றால் முதலில் பிளக்கை முகர்ந்து பார்ப்பாள். மகள் பதில் சொல்லத் தயங்கினால், “பாதி வார்த்தை எங்கடி விழுந்துச்சு?” என்பாள்.

நான்கு நாட்களாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஸ்கேன் படங்கள் பின்கட்டிடத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் பறக்கும்; கூட்டம் ஏறியதும் பாதியில் நின்றுவிடும். தியேட்டர் பக்கம் புதிதாக மாட்டிய இணைப்புப் பெட்டிதான் சனியன் என்று திட்டித் தீர்த்தாள். மாட்டியவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று தியேட்டரில் தலையில் அடிபட்ட தச்சர் ஒருவர் படுத்திருந்தார். படம் முழுதாக வந்தால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார்.

வேறு வழியில்லாமல் பின்கட்டிடத்துப் பழைய பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒட்டியிருந்தது ஒரு காகிதத் துண்டு: ‘வேகம் கையால் வைத்தது. யாரும் தொடாதீர்.’ அவளுடைய கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முன் எதற்கோ செய்து, அடியோடு மறந்துபோனது.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றார் ஸ்கேன்காரர்.

“புதுப்பெட்டி எதிராளிகிட்ட கேட்டு ஒத்துப்போற ஜாதி. இந்தப் பழசு அது கேட்டதுக்குப் பதிலே சொல்லல, நான் அப்படி வச்சிருக்கேன். அது, பழசு முடிக்கட்டும்னு காத்திருக்கு. இது தன் பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. ஆள் இல்லாதப்ப தெரியல. கூட்டத்துல மோதிக்குதுங்க.”

“எங்கம்மாவும் என் பொண்டாட்டியும் மாதிரி.”

“உங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன், ஆளை விடுங்க.” மடிக்கணினியில் நான்கு வரி தட்டி, கையால் வைத்த வேகத்தை எடுத்துவிட்டாள். “இப்ப அனுப்புங்க. எல்லாப் படத்தையும் சேர்த்து.”

“வெளிய நூறு பேர் நிக்கிறாங்கக்கா.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

பச்சை விளக்குகள் படபடத்தன. அவள் இமைக்கவில்லை. கைபேசியில் தியேட்டர் நர்ஸின் குரல் வந்தது: “வந்துடுச்சுக்கா. முழுசா. டாக்டர் ஆரம்பிச்சுட்டாரு.”

லைன் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். புதுப்பெட்டி மாட்டியவரை அழைத்தாள். “அண்ணே, உங்க பெட்டி தங்கம். கோளாறு எம்மேல.” அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அந்தக் காகிதத் துண்டை நகத்தால் மெல்ல உரித்தெடுத்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் தன் படத்தின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.