சுண்ணாம்பு மேட்டில் மேய்ந்த ஆடுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு மரச்சட்டம் சுவரில் சாய்ந்திருக்கிறது. நீளம் ஒரு கஜம், அகலம் ஒரு கஜம், நடுவில் ஒன்றுமில்லை. வருகிறவர்கள் எந்தப் படத்துக்கு என்று கேட்கிறார்கள். நான்கு வயதான என் பெண் அதைத் தரையில் போட்டு, வீடாக்கி உள்ளே உட்கார்ந்துகொண்டு, "இது எங்க ஆம். யாரும் வரப்படாது" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆட்டுக்கார அக்காவின் ஞாபகம் வரும்.

கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். கைக்குழந்தையோடு இருந்தபோது, எனக்குப் பாடம் சொன்ன புரொபசர் இந்தச் சட்டத்தைக் கொடுத்தனுப்பினார். ஊருக்கு வெளியே, ஹெப்பாளுக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக்கல் மேடு. சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் வெள்ளைக் கற்களைப் பொறுக்கியது போக, மேலே ஒரு சாண் மண்கூட இல்லை. அது வெறும் தரிசு, மரக்கன்று நடலாம் என்று சர்க்கார் இலாகா ஒன்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொஞ்ச மண்ணில் எத்தனை விதச் சிறு செடிகள் இருக்கின்றன என்று காட்டினால் மேடு பிழைக்கும் என்றார் புரொபசர். வாரா வாரம் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதையெல்லாம் பெயர் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர், குழந்தை, நான் மூவரும் ஜட்காவில் போவோம். படித்த படிப்புக்கு எனக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். அதனால் மிகுந்த பயத்தோடு செய்தேன்.

முதல் நாளே அக்கா வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் கறுப்புக் கம்பளி, பின்னால் மந்தை. குண்டலுபேட்டைப் பக்கத்துக் கன்னடக்காரி, தாளவாடிச் சந்தைக்குப் போய்ப் போய்த் தமிழ் பழகியவள். "ஏன் அம்மாவ்ரே, கண்ணாடிக்குச் சட்டம் போடுவாங்க, மண்ணுக்குமா போடுவாங்க?" என்று சிரித்தாள். நான் பதில் சொல்வதற்குள் ஒரு கிடாய் சட்டத்துக்குள் கால் வைத்து, எழுதிக்கொண்டிருந்த விஷ்ணுகிராந்தியைப் பூவோடு தின்றுவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே புரொபசரிடம் போய், ஆடுகளை விட்டால் மேட்டில் ஒன்றும் மிஞ்சாது, வேலி போட வேண்டும் என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். நான் விடவில்லை. மேட்டைச் சுற்றி முள்வேலி வந்தது. அக்கா அதன் வெளியே நின்று சொன்னாள்: "பூவையும் தின்னும், இல்லேங்கலே. ஆனா முதல்ல ஊசிப்புல்லைத் தின்னும். அது ஊசி விடறதுக்குள்ள தின்னாத்தான் உண்டு. பூ எங்க ஓடிப் போகும்? வேரு கீழதானே இருக்கு?" பட்டம் வாங்கியவளுக்கு அதை நின்று கேட்கப் பொறுமை இல்லை. அந்த வருஷம் அவள் புல்லுக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போனாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த மழைக்கு மேடு பச்சைப்பசேலென்று நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆவணியில் ஊசிப்புல் இடுப்புயரம் வந்துவிட்டது. அதன் ஊசிகள் என் புடவையில் தைத்தன, குழந்தையின் கவுனில் தைத்தன. சட்டத்தைக் கீழே வைக்கவே இடமில்லை. புல்லை விலக்கிப் பார்த்தால் முந்தின வருஷத்துச் சருகு பாய் விரித்த மாதிரி வெயிலை மறைத்துக் கிடந்தது. போன வருஷம் ஒரு பக்கம் நிறைந்த பட்டியல் இப்போது நாலைந்து பெயரோடு நின்றது. சரியாகக் குனிந்து தேடவில்லையோ, பெயரை மாற்றி எழுதினேனோ என்று மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தேன். இல்லை. மேட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நானே அதை மூடிவிட்டிருந்தேன். இலாகா அதிகாரி மறு மழைக்குப் பிறகு பார்க்க வருவதாக இருந்தது.

புரொபசரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்த அம்மாள் ஆட்டை எப்போது விடுவாள், எப்போது எடுப்பாள்? கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றார்.

ஏரிக்கரையில் அக்காவைக் கண்டுபிடித்தேன். தொப்பி, ஸ்வெட்டர், சால்வை எல்லாம் போட்டு என் இடுப்பில் வேர்த்துக்கொண்டிருந்த குழந்தையை ஒரு பார்வை பார்த்தாள். "போன வருஷம் ஆடு பேடா, வேண்டாம். இந்த வருஷம் ஆடு பேக்கு, வேணும். அடுத்த வருஷம் ஆட்டுக்கும் ஸ்வெட்டர் போடுன்னு சொல்லுவீங்களா?" என்றாள். பிறகு விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். முதல் மழை விழுந்ததும் மேட்டில் ஆடு. ராகிப் பயிர் கணுக்கால் உயரம் வந்ததும் ஆட்டை வேறு பக்கம் ஓட்டிவிடுவது. மேட்டில் பூத்து விதை விழுந்தபின், ராகி அறுப்பு முடிந்ததும் மறுபடி ஆடு. அவள் மாமியார் வீட்டில் எல்லோரும் அப்படித்தானாம். நான் நோட்டில் எழுதினேன்.

வேலியை ஒரு பக்கம் பிரித்தோம். அறுப்பு முடிந்ததும் மந்தை வந்து சருகை மிதித்து நொறுக்கியது. சித்திரையில் மேடு மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்து, மறுபடி கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். முதல் மழையில் துளிர்த்த ஊசிப்புல்லை ஆடுகள் கடித்துக் குட்டையாக்கின. பிறகு அக்கா அவற்றை ஓட்டிப்போனாள். ஆவணியில் அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறியபோது, அவர் கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு நீலம், அவ்வளவு மஞ்சள். எனக்குப் பெயர் தெரியாதவையே ஏழெட்டு இருந்தன. மரக்கன்றுகளை வேறிடத்தில் நட்டார்கள்.

போன ஞாயிறு மேட்டுக்குப் போனோம். முதல் மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. என் பெண் சட்டத்தைப் புல்லில் போட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். தொப்பியை அவளே கழற்றி எறிந்துவிட்டிருந்தாள். ஒரு பெட்டை ஆடு நேராக அவளிடம் வந்தது. "வரப்படாது!" என்று விரலை ஆட்டினாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவ்ரே, உங்க பேச்சு அப்படியே வருது!"

ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கக் கை பரபரத்தது. நின்ற இடத்திலேயே நின்றேன். ஆடு சட்டத்துக்குள் தலையை நீட்டி, அவள் முழங்காலருகே இருந்த ஊசிப்புல்லைக் கடித்தது. என் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதற்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.