க்ளெம் சிகோரா தவறாகக் கட்டிய பை

க்ளெம் சிகோரா ஒரு தட்டுச் சாப்பாட்டை உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருடம் அவனோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவள் சொல்கிறேன், நம்பலாம். கையில் தட்டோடு நடப்பான். நடந்துகொண்டே குளியல் துண்டுகளை எண்ணுவான். எண்ணி முடித்த அடுக்கை, யாரோ வந்து கலைத்துவிட்ட மாதிரி, மறுபடி பிரித்து மடிப்பான்.

பஃபலோ ஃபெரிமென் பேஸ்பால் குழுவின் உடைமாற்றும் அறைக்கு அவன்தான் பொறுப்பாளன். சட்டை துவைப்பது, ஷூ துடைப்பது, மட்டைகளை அடுக்குவது, யாருக்கு எந்த அலமாரி என்று முடிவு செய்வது எல்லாம் அவன் வேலை. ஒட்டியிருந்த சமையலறை என்னுடையது. அவன் பிளாக் ராக் பகுதிக்காரன், மாவு மில் தொழிலாளியின் மகன். இருபத்திரண்டு வயதில் மைதானத்து வாசலில் டிக்கெட் கிழிக்க வந்தான். அப்புறம் உள்ளே வந்தான், உள்ளேயே தங்கிவிட்டான். அந்த அறைக்குத் தலைவனாகி இருபத்தேழு வருடம் ஆகியும் அவன் ஒரு அக்டோபரைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியோடு பெரும்பாலான குழுக்கள் மூட்டை கட்டிவிடும். பட்டியலில் மேலே வந்த சில குழுக்கள் மட்டும் அக்டோபரில் கோப்பைக்கு ஆடும். எங்கள் அறையில் கோப்பை என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அக்டோபர் என்றுதான் சொல்வோம்.

கடைசிச் சில வருடங்களாக நாங்கள் அங்கே போகாததற்குக் காரணம் மேல்மாடி. அங்கே உட்கார்ந்து குழுவை நடத்தியவர் பிரெஸ்காட், முப்பத்து நாலு வயது, தலை நிறைய புள்ளிவிவரம். வந்த புதிதில் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "பழைய வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டப்போறோம். ஆனா ஒரு நாள்கூட வெளியில படுக்க மாட்டோம்." அவர் வாழ்க்கையில் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியிருக்க மாட்டார். ஒவ்வொரு ஜூலையும் வயதான ஆட்டக்காரர்களை வேறு குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு இளசுகளை வாங்குவார். குழு ஜெயிக்கவும் செய்தது, தோற்கவும் செய்தது, எங்கேயும் போய்ச் சேரவில்லை.

ஜூலை கடைசி நாள் மாலை ஆறு மணியோடு அந்தப் பரிமாற்றம் முடியும். அன்றுதான் க்ளெமின் பெரிய நாள். கைமாறியவன் ஒரு மணி நேரத்தில் விமானம் ஏற வேண்டும். அவன் எல்லோர் முன்னாலும் தன் அலமாரியைத் தானே காலி செய்து நிற்கக் கூடாது என்பது க்ளெமின் கொள்கை. அதனால் சேதி வருமுன்பே அவனே மோப்பம் பிடித்து, சாமான்களை மடித்துப் பையில் வைத்து, பெயர்ப் பலகையைக் கழற்றி, பையை வாசலருகே நிறுத்திவிடுவான். அறுபது பேருக்கு மேல் அப்படி அனுப்பியிருக்கிறான், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. தப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருடம் ஜூலை கடைசியில் நாங்கள் முதலிடத்துக்கு இரண்டே ஆட்டம் பின்தங்கியிருந்தோம். இலையுதிர் காலத்தோடு க்ளெம் ஓய்வு பெறப்போகிறான். அவன் மனைவி வெர்னா ஃப்ளோரிடாவில் வீடே பார்த்துவிட்டாள். ஆகவே இந்த அக்டோபர்தான், விட்டால் கிடையாது. காலையிலிருந்து சமையலறைக்குள் பத்துத் தடவை வந்து போனான்.

"இன்னைக்கு யாரும் போகலன்னா நாம அக்டோபர் ஆடுறோம், ஒடெட். எழுதி வெச்சுக்கோ."

"போன வருஷமும் எழுதி வெச்சேன். அந்தப் பேப்பர்லதான் பொரிச்ச மீனைப் போட்டு எண்ணெய் வடிச்சேன்."

"பௌலினோ இருக்கான்ல?"

"அவன் இருக்கான். உன் காலுதான் ஒரு இடத்துல இல்ல. தள்ளு, அடுப்பு பக்கம் வராத."

எலியேசர் பௌலினோ, க்ளெமுக்கு வெறும் எலி, எங்கள் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். டொமினிகன் நாட்டுக்காரன், முப்பத்தாறு வயது, எங்களோடு பதினோரு வருடம். பந்து எறிபவர்களுக்கு மூளையே அவன்தான். அவ்வளவு நாள் ஆடியவனை அவன் சம்மதம் இல்லாமல் வேறு குழுவுக்கு அனுப்ப முடியாது, அது விதி. அந்த விதியை நம்பித்தான் க்ளெம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அன்று ஆட்டம் மாலை நாலு மணிக்கு. அறையில் நானும் க்ளெமும் மட்டும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் இன்னிங்ஸ் முடிந்து கோச் பௌலினோவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவனுக்குப் பதில் வேறொருவன் கவசம் மாட்டினான். அடிபடாத ஆளை இந்த நாளில் பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரிசையாக எல்லோரும் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

"சம்மதிச்சுட்டான்," என்றான் க்ளெம். முகம் வெளுத்துவிட்டது.

"பொறு. யாரும் வந்து சொல்லலையே."

"வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்க நான் எதுக்கு?"

கை தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. பதினோரு வருட அலமாரியைப் பதினோரு நிமிடத்தில் காலி செய்தான். மகள்களின் படத்தைத் துண்டில் சுற்றும்போது மட்டும் கொஞ்சம் நின்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெயர்ப் பலகையைக் கழற்றினான்.

ஐந்தே முக்காலுக்குப் படியில் ஷூ ஆணிகள் தடதடத்தன. பௌலினோ மேல்மாடியிலிருந்து நேராக என் சமையலறைக்குள் வந்தான், வாயெல்லாம் பல்.

"ஒடெட்! நாளைக்கு எனக்கு வாழைக்காய் மசியல் வேணும், மேல வெங்காயம் வதக்கிப் போட்டு. ஆட்டத்தை விட்டுட்டு வான்னு கூப்பிட்டு, மேற்குக் கடற்கரைக் குழுவுக்குப் போறியான்னு கேக்கறாங்க. முடியாதுன்னுட்டேன். இது என் வீடுன்னுட்டேன். பிரெஸ்காட் மூஞ்சியை நீ பாத்திருக்கணும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

காலி அலமாரியைப் பார்த்தான். வாசலில் நின்ற பையைப் பார்த்தான். க்ளெம் கையில் இருந்த தன் பெயரைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே அடங்கியது.

"ஓ. உனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்களா?"

க்ளெம் பெயர்ப் பலகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அப்ப என்னைக் கேட்டது சும்மா ஒப்புக்கு. எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டிருக்காங்க." பையின் வாரைத் தொட்டுப் பார்த்தான். "நீ இதுவரைக்கும் ஒரு பையைக்கூடத் தப்பாக் கட்டினது இல்லையே, க்ளெம்."

அந்த ஒரு பாராட்டு அவன் நாக்கைக் கட்டிப் போட்டுவிட்டது. இருபத்தேழு வருடப் பெயர் என்ற எழவு! தப்பு பண்ணிவிட்டேன் என்ற இரண்டு சொல்லைச் சொல்ல விடவில்லை. கதவோரம் கரண்டியோடு நின்ற எனக்கும் வாய் இருந்தது. அவனே சொல்லட்டும் என்று நின்றேன். அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே இன்னும் தீரவில்லை.

பௌலினோ போனை எடுத்தான். "பிரெஸ்காட், என்னை வேண்டாம்னவங்க வீட்டுல எனக்கு என்ன வேலை? போறேன்," என்றான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. க்ளெமைக் கட்டிப்பிடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"சொல்லத்தான் வந்தேன், ஒடெட். அவன் அப்படிச் சொன்னதும் சொல்ல முடியல," என்றான் க்ளெம்.

"இப்பவும் ஓடலாம். மணி ஆறாகல."

ஓடவில்லை. எந்நேரமும் ஓடுகிறவன், அன்றைக்கு நின்றான்.

பௌலினோவுக்குப் பதிலாக வந்தவன் கோல்பி ரென்ட்ஸ், இருபத்து மூன்று வயது கேட்சர். அவன் சொதப்ப வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், மறைப்பானேன். அவன் சொதப்பவில்லை. ஆகஸ்டில் ஜெயித்தோம், செப்டம்பரிலும் ஜெயித்தோம். பிரெஸ்காட் கட்டிய வீடு விழாமல் நின்றுவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே மேற்குக் கடற்கரையில் ஆறு ஆட்டம் முன்னால் இருந்த பௌலினோவின் புதுக் குழு ஒன்றொன்றாகத் தோற்று, கடைசி வாரத்தில் வெளியே போனது. தினமும் அந்த முடிவுகளைப் பார்த்துவிட்டு க்ளெம் துவைத்த துணியையே மறுபடி துவைப்பான்.

கடைசி ஞாயிறு மதியம், ஒரு ஆட்டம் ஜெயித்தால் அக்டோபர். எட்டாம் இன்னிங்ஸில் ஜெயித்தால் பீய்ச்சி அடிக்கும் ஷாம்பெயின் தெறிக்காமல் இருக்க க்ளெம் அலமாரிகளுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு கட்டினான். கடைசியான ஒன்பதாவதில் ரென்ட்ஸ் அடித்த பந்து வலது பக்கச் சுவரில் மோதியது. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் கத்திக்கொண்டு உள்ளே வருவதற்குள் க்ளெம் என் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். பௌலினோவைக் கூப்பிட்டு, போனை அடுப்பு மேடையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். தனியாகப் பேச அவனுக்குத் தைரியம் இல்லை.

"க்ளெம்! பாத்துட்டுதான் இருந்தேன்யா! இருபத்தேழு வருஷம்! அந்தப் பொடியன் அடிச்சதைப் பாத்தியா?"

"எலி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மேலேர்ந்து யாரும் எனக்கு எதுவும் சொல்லல. டிவியைப் பாத்துட்டு நானாத்தான் உன் பையைக் கட்டினேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"நான் சரின்னு சொன்னப்ப மணி என்ன?"

"அஞ்சு அம்பத்திரண்டு."

"நீ என் பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு."

"ஆமா, எலி."

"எட்டு நிமிஷம் இருந்துச்சேடா."

அதற்குமேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு, "போ, உள்ள உன்னைத் தேடுவாங்க," என்று சொல்லி வைத்துவிட்டான்.

கதவுக்கு வெளியே பாட்டில்கள் வெடித்தன. யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்து க்ளெம், க்ளெம் என்று கத்தினார்கள். அவன் போனைப் பார்த்தபடியே நின்றான்.

"நான் உள்ள போகலாமா, ஒடெட்?" என்று கேட்டான்.

நான் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு, அவன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.