ஆயுத பூஜையன்று நான் அணைத்த கணினி

என் மகள் டிரம் அண்ட் பேஸ் இசை செய்பவள். மூச்சு வாங்கவைக்கும் வேகத்தில் டிரம், அதற்கு அடியில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பேஸ். ஓசூரில் எங்கள் வீட்டு மாடியறையில் கணினி முன்னால் உட்கார்ந்து உருவாக்குவாள். சனிக்கிழமைகளில் பெங்களூருக்குப் போய் வாசித்துவிட்டு வருவாள். இதற்காக மென்பொருள் வேலையை விட்டவள். உறவினர்கள் கேட்டால் நான் பல வருடங்கள் “வீட்லதான் இருக்கா” என்றே சொல்லிவந்தேன்.

வெளிநாட்டு இசைக் கம்பெனி ஒன்று அவளுடைய முதல் தொகுப்பை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு ஆயுத பூஜை மாலைக்குள் போய்ச்சேர வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியிருந்தாள். இனி கிடையாது என்று எழுதிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று காலை அவளும் என் மனைவியும் பூவும் பொரியும் வாங்கக் கிளம்பினார்கள்.

“அப்பா, மேல சிஸ்டம் ஓடிட்டிருக்குது. பாட்டு ஃபைலா சேவ் ஆவுது. நான் வர்ற வரைக்கும் தொடாதிங்க.”

“சரி, போயிட்டு வா.”

சரி என்று சொன்னவன்தான் சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறினேன். ஸ்கூட்டருக்கு, ஸ்பேனருக்கு, மிக்ஸிக்குக்கூட வருடாவருடம் பொட்டு வைத்த நான் அவளுடைய கருவிகளுக்கு வைத்ததே இல்லை. அந்த வருடம் வைக்க நினைத்தேன். அவள் செய்வதும் வேலைதான் என்று நான் ஒப்புக்கொள்வதை அவள் வந்து பார்க்கட்டும் என்று ஆசை.

தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன் நான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உற்பத்திப் பிரிவினர் கெஞ்சுவார்கள்: “சார், இந்த ஒரு லாட் மட்டும் ஓட்டிக்கறோம்.” நான் கேட்கமாட்டேன். ஓடுகிற இயந்திரத்தைத் துடைக்கக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது. மெயின் சுவிட்சை நானே இறக்குவேன். மறுநாள் எல்லாம் பழையபடி ஓடும்.

மகள் சொன்னதும் அந்தக் கெஞ்சல் மாதிரிதான் எனக்குக் கேட்டது. சுவிட்சை அணைத்தேன். மேசைக்கடியில் யுபிஎஸ் கத்தியது. அதன் பொத்தானையும் அழுத்திப் பிடித்து அணைத்தேன். ஈரத்துணியால் துடைத்து, ஸ்பீக்கர்களுக்கும் திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மின்சாரத்தை மறுநாள்தான் போடுவதாக உத்தேசம்.

அவள் திரும்பிவந்து மேலே போனாள். மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அப்பா, யாராச்சும் ஆஃப் பண்ணிங்களா?”

“கரண்டு போயி வந்துச்சும்மா. நான் பொட்டு மட்டுந்தான் வெச்சேன்.”

“யுபிஎஸ் இருக்குதேப்பா.”

“அதுக்கு வயசாயிடுச்சோ என்னமோ.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. அவள் நம்பினாள். மின்சாரக் கோளாறில் கணினியைப் போட்டால் மிச்சமும் போய்விடும் என்று பயந்து, யுபிஎஸ்ஸைக் கழற்றி பேட்டரியைச் சோதித்தாள். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒயர் ஒயராகப் பார்த்தாள். அவள் கழுத்து வேர்த்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நான்தாம்மா அணைச்சேன்” என்றேன்.

மகள் நிமிரவில்லை. “டார்ச்ச ஆஃப் பண்ணுங்க. அதையாவது நான் சொல்றப்ப ஆஃப் பண்ணுங்க.”

கணினியைப் போட்டாள். பாதியில் அணைத்ததில் பாட்டு இருந்த வட்டு கெட்டுப்போய்த் திறக்கவில்லை. போன வாரப் பிரதி ஒன்று மடிக்கணினியில் இருந்தது. அதில் பேஸ் பகுதி பாதிதான். அதை வைத்து ஆரம்பித்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே துண்டு திரும்பத்திரும்ப ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பொய்யில் போன நேரம் கையில் இருந்திருந்தால் முடித்திருப்பாள். இருட்டியபோது கீழே வந்தாள்.

“அனுப்பிட்டியாம்மா?”

“அனுப்பிட்டேன். பாதி வெந்தது.”

சில நாட்களில் பதில் வந்தது. கடைசிப் பாட்டு சரியாக அமையவில்லை, இந்தத் தொகுப்பை வெளியிடுவதற்கில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். திட்டவில்லை.

அடுத்த மாதம் பெங்களூர் போகும் வழியில் அத்திப்பள்ளி தாண்டி ஒரு அறை பார்த்தாள். வேலை செய்ய அங்கே, சாப்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இங்கே என்றாள். சாமான் ஏற்றும்போது கேட்டேன்: “ஒயரிங் வேலைக்கு நான் வரட்டுமா?”

“வாங்கப்பா” என்றாள். “ஆனா நான் இருக்கறப்ப வாங்க.”