நான் இறங்கிய இடத்துக்கு வந்த பேஸ்

எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க வில்லியனூரிலிருந்து ஒருவர் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ஆள் பெரிய உருவம்; அவருடைய பேஸோ உகுலேலே என்கிற குட்டிக் கிட்டார் அளவுதான். வாசிக்கும் முன் அதன் விளிம்பில் கன்னத்தை வைத்து ஒருமுறை தட்டிக் கேட்பார்.

“இன்னா அண்ணே, பாப்பாவோடத தூக்கிகினு வந்துட்டியா?” என்று குழுவிலுள்ள பெண்பிள்ளைகள் சீண்டுவார்கள்.

“பெருசு என் தொப்பையில நிக்க மாட்டேங்குதும்மா” என்பார்.

ஒரு ஞாயிறு கீபோர்டுக்காரர் வரவில்லை. பேஸை மட்டும் வைத்துக்கொண்டு, பூசையில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலை நான் தனியாகப் பாட வேண்டியதாயிற்று. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். இரண்டாவது அடியிலேயே பயத்தில் குரல் சுருதியை விட்டு இறங்கிவிட்டது. தெரிந்தும் ஏற முடியவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது, பேஸ் மெதுவாக வழுக்கி நான் இருந்த இடத்துக்கே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தேன்.

பூசை முடிந்ததும், “தப்பா பாடிட்டேன் தம்பி” என்றேன்.

அவர் பேஸின் கழுத்தைக் காட்டினார். கிட்டாரில் இருப்பதுபோல் குறுக்குக் கம்பிகள் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

“கடையில ரெண்டு மாதிரியும் இருந்திச்சி. குறுக்குக் கம்பி வெச்சத வாங்கியிருந்தா, ரெண்டு சுரத்துக்கு நடுவுல நீங்க நின்ன எடத்துக்கு வந்திருக்க முடியாதுக்கா. இதுல வெரல நவுத்துனா போதும். அடுத்த வாரமும் நீங்களே பாடுங்க. எங்க எறங்கப் போறீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.”

கேலி செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் நானே பாடினேன்.